குடும்பத் தலைவர் என்ற இடத்தில் நான் எழுதிய பேர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஓர் அரசாங்கப் படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

கோபத்தில் கிழித்தேன். நாலாகக் கிழித்தேன். கிழித்த கையோடு சாமி படத்துக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எழுத்து உள்ள தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஆள் நான். ஆனாலும் கிழித்தேன். ஏனென்றால் அந்தத் தாளில் ஒரு பொய் இருந்தது. அது என் கையெழுத்தில் இருந்தது.

என்ன பொய் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நான் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தவள். அதிலும் கணக்கில் கோட்டை விட்டவள். ஆனால் எழுத்து மட்டும் முத்து முத்தாக வரும். பிறப்புப் பதிவா, பள்ளிக்கூட அனுமதியா, அடையாள அட்டையா... எந்தப் படிவம் வந்தாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் என் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கொழுந்து எடுத்து முடித்து, மழைக்கு இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், ஈரம் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். நானும் சாமிக்கு விளக்கு வைத்துவிட்டுப் பேனாவை எடுப்பேன். இதற்காகவே எனக்கு 'பேப்பர்க்காரம்மா' என்று பட்டப்பேர்.

அதில் ஒரு வேடிக்கை உண்டு. எங்கள் பக்கம் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையுமாம். நானும் சொன்னதில்லை. இத்தனை வருஷமாக உங்களோடு பேசுகிறேனே, எங்கள் வீட்டுக்காரர் பேர் உங்களில் ஒருவருக்காவது தெரியுமா? தெரியாது!

ஆனால் படிவத்துக்குப் பேர் வேண்டுமே. அதனால் விடுகதை போடுவார்கள்.

"பழனியில இருப்பாருல்லக்கா... அவரு."

"முருகனா?"

"ம்ஹூம். அவரு கையில வச்சிருப்பாரே, அது."

"தண்டாயுதமா?"

"ஐயோ, இல்லக்கா. கூரா இருக்கும். அதோட சாமின்னு சேத்துக்கங்க."

"வேல்சாமி!"

"ஆங்... அதேதான்."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். பேரப்பிள்ளை எடுத்தவளுக்கும் அந்த வெட்கம் வரும். இப்படி விடுகதை அவிழ்த்து அவிழ்த்தே எங்கள் நாலு லயத்து வரிசை வீடுகளின் புருஷன்மார் பேரும் எனக்கு மனப்பாடம்.

நான் கிழித்த படிவம் புஷ்பத்தினுடையது.

புஷ்பம் கீழ் லயத்தில் கடைசி வீடு. நாற்பது வயது. பதினெட்டு வயதில் கூடை தூக்கியவள், இன்னும் இறக்கவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் கவிதா ஹட்டனில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சின்னவளுக்குப் பத்து வயது. புருஷன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கடை வேலை என்று கொழும்புக்குப் போனான். அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் மாரியம்மன் தேருக்கு மட்டும் வருவான். பளபளவென்று ஒரு சட்டை, கறுப்புக் கண்ணாடி. கோயில் சந்தாவைப் புஷ்பத்தின் சம்பளத்தில்தான் பிடிக்கிறார்கள். ஆனால் குடும்பத்துக்குச் சாமி மரியாதையாகத் தேங்காய் மூடியும் வெற்றிலையும் வைத்துக் கொடுக்கிற காளாஞ்சியை முன்னால் நின்று கைநீட்டி வாங்குவது அவன். புஷ்பம் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பாள்.

மலையையே உலுக்கிய அந்தப் பெரிய மழையில், ஒரு பின்னேரம் நாலு மணிக்குக் கீழ் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது. புஷ்பம் சின்னவளை முதுகில் போட்டுக்கொண்டு, கவிதாவை ஒரு கையால் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் குசினிச் சுவர் இல்லை. பிறகு அதிகாரிகள் வந்தார்கள். 'இங்கே குடியிருக்கக் கூடாது' என்று கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே குடியிருப்பது என்று ஒட்டவில்லை. அவள் அந்தக் கதவைத்தான் இன்னும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது ஒரு வழி பிறந்தது. ஃபெக்டரிக்கு மேலே உள்ள சமதரையில் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியும் வீடும் கொடுக்கப்போகிறார்களாம். வியாழக்கிழமை அதிகாரி வருவார், படிவத்தை நிரப்பி வையுங்கள் என்று தலைவர் வீடு வீடாகக் கொடுத்தார். தலைவர் என்றால் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் மாரிமுத்து. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற மனுஷன். நல்லவர்தான். ஆனால்... அந்த ஆனாலுக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சாயங்காலம் புஷ்பம் படிவத்தோடு வந்தாள். நான் எழுதினேன். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் தர்மராஜ் என்று எழுதினேன். விடுகதைகூடத் தேவைப்படவில்லை. கை தானாகவே எழுதிவிட்டது. கீழே சின்னதாக ஒரு கட்டம். அதில் பிள்ளைகளுக்கு மேலே, 'மனைவி: புஷ்பம்.'

யார் பேரை எழுதுவது என்று நான் கேட்கவே இல்லை. அவள் வீட்டில் கூரை ஒழுகுவதால் முக்கியமான தாளெல்லாம் என் அலுமாரியில்தான் இருக்கும். அதையும் அங்கேயே வைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை நுவரெலியாவில் ஒரு கூட்டம். பெரிய ஹோட்டல் ஒன்றின் மண்டபத்தில். பத்திரிகையில் எழுதுகிற தோட்டத்துப் பெண் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர், "போய்ட்டு வா, சாப்பாடு நல்லா போடுவாங்க" என்று ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார். மேடையில் நீளமாக ஒரு பேனர்: 'ஆசிய பசுபிக் பெண்கள் உரிமை – முன்னேற்றமும் சவால்களும்.' பசுபிக் எந்தப் பக்கம் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது. கடல் என்று மட்டும் தெரியும்.

பல நாட்டுப் பெண்கள் பேசினார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பிள்ளை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் அடிவாங்கினால் 'அது குடும்ப விஷயம்' என்று சொன்ன காலம் போய், இப்போது நிறைய நாடுகளில் சட்டம் வந்திருக்கிறதாம். மனம் குளிர்ந்தது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பொலிசுக்குப் போனால் 'வீட்டுக்குப் போய் சமாதானமா இரும்மா' என்றுதான் அங்கேயும் சொல்கிறார்களாம். ஊர்ச் சபைகளில் பெண்களுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறதாம். அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று அவள் புருஷன்தான் பேசுகிறானாம். நேபாளத்து அம்மா ஒருவர் சொன்னார்: "எங்கள் நாட்டில் பெண் பேரில் காணி பதிந்தால் கட்டணம் குறைவு. அதனால் நிறைய ஆண்கள் பெண்டாட்டி பேரில் எழுதுகிறார்கள். எழுதி, பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி, சாவியைத் தங்கள் இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள்."

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சரிதான், பத்திக்கு ஒரு நல்ல கதை கிடைத்தது என்று குறிப்பெடுத்துக்கொண்டேன். பாருங்கள் என் புத்தியை!

தேநீர் இடைவேளையில்தான் வினை வந்தது.

ஃபிஜித் தீவில் இருந்து ஒரு பெண் வந்திருந்தார். பேர் மீனா. நெற்றியில் குங்குமம். நம்மைப் போலவே அவருடைய பாட்டன் பூட்டனும் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்து கப்பல் ஏறியவர்கள்தான். நம்மைத் தேயிலைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களைக் கரும்புக்குக் கொண்டுபோனார்கள். தமிழ் மறந்துபோய்விட்டது. ஆனால் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்ததும் தன் நெஞ்சில் கை வைத்து, "மாரியம்மா" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் கடல் தாண்டியும் கரையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மற்றதையெல்லாம் அந்தப் பிள்ளைதான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தது.

"உங்கள் பக்கம் புது வீடு கொடுக்கிறார்களாமே, யார் பேரில் கொடுக்கிறார்கள்?" என்று மீனா கேட்டார்.

"குடும்பத் தலைவர் பேருல" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

"குடும்பத் தலைவர் என்றால் யார்?"

"வீட்டு ஆம்பள."

"தோட்டத்தில் கொழுந்து எடுப்பது யார்?"

"பொம்பளைங்க."

"தோட்டத்தில் வேலை செய்வதால்தானே அந்த வீடு?"

"ஆமா..."

"அப்படியென்றால் ஆண் பேரை யார் எழுதுகிறார்கள்? அரசாங்கமா?"

என் வாயில் தேநீரோடு கொடுத்த ரோல்ஸ் இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"நான்தான் எழுதுறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருடைய அம்மா சாகிற வரைக்கும் கரும்பு வெட்டினாராம். காணியின் குத்தகைத் தாளில் முதலில் தாத்தா பேர், பிறகு அப்பா பேர், இப்போது அண்ணன் பேர். "எங்கள் ஊரிலும் இதே மாரியம்மன் இருக்கிறாள். இதே படிவமும் இருக்கிறது" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. தலவாக்கலை தாண்டும் வரைக்கும் யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. மீனா மேலா? எங்கேயோ இருந்து வந்து நம்மைக் குறுக்கு விசாரணை பண்ண இவர் யார்? கொழும்பில் இருக்கிற தர்மராஜ் மேலா? அரசாங்கத்தின் மேலா? ஹட்டன் வந்து இறங்கும்போது தெரிந்துவிட்டது.

மேல் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். அவர் புருஷன் வீட்டை இன்னொருவனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அந்த அக்கா இப்போது தங்கச்சி வீட்டு மூலையில் படுத்திருக்கிறார். அவருக்கும் படிவம் எழுதியவள் நான்தான். எழுதியது முத்து முத்தாகத்தான் இருந்தது!

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழித்தேன்.

கிழித்துவிட்டால் புதுப் படிவம் வேண்டுமே. தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு படிவம் குடுங்க தலைவரே. புஷ்பத்தோடத பிழையா எழுதிட்டேன்."

"நீங்களா? பிழையா?" என்று சிரித்தார். "என்னா பிழை?"

"குடும்பத் தலைவர்ங்கிற எடத்துல வேற யாரோ பேரு வந்துருச்சி."

"யாரு பேரு?"

"தர்மராஜ்."

தலைவர் சிரிப்பை நிறுத்தினார். "ஏம்மா, புருஷன் உசுரோட இருக்கயில பொம்பள பேருல வீடு கேக்கவா? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்னா பதில் சொல்றது?"

"ஒம்பது வருஷமா வராதவரு நாளைக்கு வந்துருவாரா?"

"தேருக்கு வந்தான்ல."

"தேருக்கு வந்தது சாமிய பாக்க இல்ல தலைவரே, சட்டய காட்ட."

உள்ளே தலைவரின் மனைவி பாக்கியம் 'களுக்'கென்று சிரித்தது கேட்டது. தலைவருக்கு அது பிடிக்கவில்லை. "நீங்க கோயிலு கொளம்னு இருக்கிறவங்க. நீங்களே இப்படி பேசலாமா? ஆம்பள தலைமைங்கிறது சாஸ்திரத்துல உள்ளது."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ!

"எந்த சாஸ்திரத்துல தலைவரே ஏழு பேர்ச் காணிய பத்தி எழுதியிருக்கு? சாமிய இதுல இழுக்காதீங்க. நான் தெனம் கும்புடற சாமி. என் சாமி ஓடிப்போனவனுக்கு வீடு குடுக்க சொல்லாது."

அவர் படிவத்தைக் கொடுத்துவிட்டார். "அதிகாரி ஏத்துக்க மாட்டாரு, பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தார்.

தலைவரைச் சமாளித்துவிட்டேன். புஷ்பத்தைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு.

"வேணாங்கா" என்றாள் எடுத்த எடுப்பில். "அவரு பேரு இல்லாட்டி எனக்கு புருஷனே இல்லன்னு ஆயிரும்."

"இப்ப இருக்கானா?"

"பேருக்காச்சும் இருக்காருல்ல. அந்த பேரயும் எடுத்துட்டா தாலிய கழட்டுன மாதிரி போயிரும்க்கா. காலையில பேரு கூப்புடற பெரட்டுக்கு போனா ஒவ்வொருத்தியும் ஒரு மாதிரி பாப்பா. ரெண்டு பொட்டப்புள்ளய வேற வச்சிருக்கேன்."

"நாளைக்கு அவன் கொழும்பு குடும்பத்தோட வந்து வீட்ட விட்டு எறங்குன்னு சொன்னா?"

"அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு." சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு பேரு வேணாம்க்கா. வீடு போதும்."

"பேரு இல்லாம வீடு எப்படிடி போதும்?"

கவிதா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படி என்றால் சுவர் இருந்த இடத்தில் தகரம் மறைத்த அடுப்படி. கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றாள்.

"அம்மா, மண்ணு சரிஞ்சப்ப தங்கச்சிய யாரு தூக்குனா?"

"ஏன்டி, நான்தான்."

"அப்ப அப்பா பேர சொல்லி தூக்குனீங்களா?"

புஷ்பம் தாலிக்கயிற்றின் மஞ்சளை விரலால் நிமிண்டினாள். பிறகு, "எழுதுங்கக்கா. ஆனா அங்க அவரு என்னா கேட்டாலும் நீங்கதான் பேசணும்" என்றாள்.

'நான் பக்கத்துலயே நிப்பேன், ஆனா உன் கதைய நீதான் சொல்லணும்' என்று அவளிடம் சொல்லிவிட்டு எழுதினேன். குடும்பத் தலைவர்: புஷ்பம். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இடத்தில் ஒரு பெண் பேரை எழுதினேன். என் முத்தெழுத்து கொஞ்சம் கோணிப்போனது.

வியாழக்கிழமை. தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில்தான் மேசை போட்டிருந்தார்கள். சுவரில் யானை, முயல் படம். தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிசை. அதிகாரி சின்ன வயதுச் சிங்களப் பையன். தமிழ் கொஞ்சம் தட்டுத் தடுமாறி வரும். குரலில் மரியாதை இருந்தது, குறை சொல்லக் கூடாது. தலைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

புஷ்பத்தின் முறை வந்தது. அவளுக்குப் பக்கத்தில் நான். பின்னால் தலைவர் மனைவி பாக்கியம்.

அதிகாரி படிவத்தைப் பார்த்தார். "குடும்பத் தலைவர்... புஷ்பம். புஷ்பம் யாரு?"

"நான்தாங்க சேர்."

"ஹஸ்பண்ட் செத்தா?"

"இல்லைங்க."

"டிவோர்ஸ்?"

"இல்லைங்க."

"அப்ப எங்க?"

"கொழும்புல."

"இருக்குத்தானே? அப்ப அவர் பேர்தானே போடணும்."

"அதான் சேர் நானும் படிச்சி படிச்சி சொன்னேன்" என்றார் தலைவர்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். புஷ்பம் என்ற பேரின் மேல் ஒரு கோடு இழுக்கப்போகிறார்.

"ஹஸ்பண்ட் பேர் என்ன?"

வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. புஷ்பமும் பார்த்தாள். அதுதானே வழக்கம்? அவள் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அந்தப் பேனா எழுதிவிடும். மாரியம்மா, என் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம்... ஒரு தொட்டில் கயிறு கிரீச்சிட்டது.

"தர்மராஜ்."

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன். புஷ்பம்தான்.

"அவரு பேரு தர்மராஜ் சேர். ஆறுமுகம் மகன் தர்மராஜ்." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "கல்யாணம் முடிச்சி இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் அந்த பேர சொல்றேன். ஒம்பது வருஷமா இந்த தோட்டத்து பெரட்டுல அந்த பேர யாரும் கூப்புடல சேர். தெனம் காலையில கங்காணி கூப்புடறது என் பேர. மழைக்கும் வெயிலுக்கும் 'இந்தா இருக்கேன்'னு சொன்னது நான். செவரு விழுந்தப்ப புள்ளைங்கள தூக்கிட்டு ஓடுனது நான். அந்த தர்மராஜ எங்கயாச்சும் கண்டா கூட்டிட்டு வாங்க. வந்து அந்த செவத்த கட்டி குடுக்கட்டும். பெறகு அவரு பேர எழுதுங்க."

பின்னால் யாரோ விசும்பினார்கள்.

அந்தப் பையன் பேனாவை மூடினார். பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம் சிங்களத்தில் என்னவோ கேட்டார். இரண்டு பேரும் ஒரு கோப்பைப் புரட்டினார்கள். பிறகு அவர் சொன்னதுதான் அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாத வார்த்தை.

"அம்மா, பெண் பேர் போடக் கூடாதுன்னு இதில எங்கயும் இல்ல. எப்பவும் ஆண் பேர்தான் எழுதி வரும். நாங்களும் கேட்டதில்ல."

கேட்டீர்களா? எங்கேயும் இல்லை!

சட்டம் தடுக்கவில்லை. சாமி தடுக்கவில்லை. அந்தத் தாள்கூடத் தடுக்கவில்லை. அதில் வெறும் வெற்றிடம்தான் இருந்தது. அந்த வெற்றிடத்தில் வரிசையாக ஆண் பேரை எழுதி எழுதிக் கொடுத்தது யார்? முத்தெழுத்துக்காரி. குடிகாரன் பேரை எழுதினேன். ஓடிப்போனவன் பேரை எழுதினேன். ஒரு வீட்டில் பதினேழு வயது மகன் பேரைக்கூட எழுதினேன் — அம்மா இருக்க, அவள் சம்பாதித்துப் போட்ட சோற்றைத் தின்கிற பிள்ளை குடும்பத் தலைவர்! நாட்டுக்கு நாடு மண்டபம் போட்டு சவால்கள், சவால்கள் என்று பேசுகிறார்களே... அந்தச் சவால்களில் ஒன்று மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, திருநீறு பூசிக்கொண்டு என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் அதோடு முடிந்ததா? முடியவில்லை. "ஹஸ்பண்ட் இருக்குத்தானே, அவர் இங்க குடியிருக்கலன்னு கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதம் வேணும். தெரிஞ்ச ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து வைக்கணும். நாளைக்குள் தரணும்" என்றார் அதிகாரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையில் இருந்து எத்தனை ஆண் பேர் அந்த மேசையைத் தாண்டிப் போனது! 'இவர் உண்மையில் வீட்டில் இருக்கிறாரா?' என்று ஒரு பேருக்காவது கடிதம் கேட்டார்களா? இருக்கிறவள் இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். இல்லாதவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அவன் இல்லாமலே இருக்கலாம்.

அடுத்தது பாக்கியம். தலைவரின் பெண்டாட்டி. மேசையில் படிவத்தை வைத்தார். நிதானமாக, "சேர், இதுல ரெண்டு பேரு போட எடம் இருக்கா?" என்று கேட்டார்.

"ஜாயிண்டா? போடலாம்."

"அப்ப எம் பேரயும் போடுங்க. இந்த நாக்காலியில குந்தியிருக்காருல்ல, அவரு பேருக்கு பக்கத்துல. கீழ வேணாம். பக்கத்துல."

தலைவருக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் நானும் புஷ்பமும் கிராம சேவகர் வாசலில் நின்றோம். சாட்சிக்கு யாரைப் பிடிப்பது? கேட்ட இரண்டு ஆண்கள் 'நமக்கு எதுக்குங்க அடுத்த வீட்டு விஷயம்' என்று நழுவிவிட்டார்கள். பத்து மணிக்குக் குடையை ஆட்டிக்கொண்டு ஒருவர் ஏறி வந்தார். தலைவர்!

"எங்க கையெழுத்து வைக்கணும்?" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். வைத்தார். வைத்துவிட்டு என்னிடம் மெதுவாக, "என்னாத்த செய்ய, நேத்துல இருந்து எங்க வீட்டுல எங்கூட பேச்சுவார்த்த இல்ல. ராத்திரி சோத்த மேசையில வச்சிட்டு போயிருச்சி" என்றார்.

எப்படியோ... கையெழுத்து கையெழுத்துதான். பன்னிரண்டு மணிக்குக் கடிதத்தைக் கொடுத்து ஒரு பற்றுச்சீட்டும் வாங்கிவிட்டோம். குடும்பத் தலைவர்: புஷ்பம். இனி வீடு கட்டி, உறுதிப் பத்திரம் கைக்கு வரும் வரைக்கும் அந்த ஒரு துண்டுத் தாள்தான் அவள் கூரை. அதையும் என் அலுமாரியில்தான் வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்காரர் துணைக்கு வர, இரண்டு பேரும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். புஷ்பம் தேங்காய்த் தட்டை நீட்டினாள். பூசாரி வழக்கம்போல, "தர்மராஜ், ரோகிணி நட்சத்திரம்..." என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க சாமி. எம் பேருக்கு செய்யுங்க. புஷ்பம். சுவாதி."

பூசாரி ஒரு கணம் பார்த்துவிட்டுச் செய்தார். மணி அடித்தது. அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. எனக்கும் ஆசை வந்தது. "எனக்கும் எம் பேருக்கே ஒன்னு செய்யுங்க சாமி" என்றேன்.

"நட்சத்திரம்?"

நின்றேன். எங்கள் வீட்டுக்காரர் பூசம். பெரிய மகன் அவிட்டம், சின்னவன் மகம். நான்? முப்பது வருஷமாக அவர்கள் பேருக்குத்தானே செய்திருக்கிறேன்... எனக்குத் தெரியவில்லை. வாசலில் செருப்புக்குக் காவலாக நின்ற எங்கள் வீட்டுக்காரரை எட்டிப் பார்த்து, "ஏங்க, என் நட்சத்திரம் என்னாங்க?" என்று கேட்டேன்.

"என்னய கேட்டா? கோயிலுக்கு போறது நீதானே!" என்றார்.

நட்சத்திரம் இல்லாமலே அர்ச்சனை நடந்தது. மாரியம்மாவுக்குத் தெரியும் நான் யாரென்று.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புருஷன் பேரை வாயால் சொல்லாதது என் மரியாதை. அதை நான் விடப்போவதில்லை. யாரும் என்னை முற்போக்குக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் என் வாயில் இல்லாத பேர், என் பேனாவில் மட்டும் எதற்கு ஓடி ஓடி வந்தது? இனி என் வாசலுக்குப் படிவத்தோடு யார் வந்தாலும், பேனாவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். 'இந்த வீட்டுல தெனம் யாருடி இருக்கா?'

சரி, ஊருக்கெல்லாம் சொல்கிறாயே, உன் வீட்டு உறுதியில் யார் பேர் இருக்கிறது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பேரைத்தான் நான் வாயால் சொல்ல மாட்டேனே... எழுத்து மட்டும் என்னுடையது.